பார்வதி அக்காவின் கீரைப் பாத்தியில் உப்பு

மண்ணைச் சோதிக்கிற உத்தியோகத்தில் மண்ணோடு எந்தத் தகராறும் வராது; தகராறு எல்லாம் மண்ணைக் கொண்டு வருகிறவர்களோடுதான்.

ஈப்போவில், சிலிபின் பக்கம் ஒரு பாஜாக் கடையில் வேலை பார்க்கிறேன். பாஜா என்றால் உரம். இந்த ஊரில் யாரும் வந்து "உரம் கொடுங்கள்" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. வாங்க வருகிறவர்களின் மண்ணைச் சோதித்து, எதைப் போடலாம், எதைப் போடவே கூடாது என்று சொல்வது என் வேலை. எல்லாரும் வாய் நிறைய "மிஸ், மிஸ்" என்று கூப்பிடுவார்கள். சொன்னதை மட்டும் ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். பல் வைத்தியர்களே, கார் மெக்கானிக்குகளே, ஊருக்குப் புத்தி சொல்லிச் சம்பளம் வாங்கும் என் இனத்தாரே, உங்களுக்கும் இந்த வயிற்றெரிச்சல் உண்டு என்று எனக்குத் தெரியும். என் பங்குக்கு ஒரே ஒரு வாடிக்கையாளரைப் பற்றிச் சொல்கிறேன். ஒருத்தரே போதும், அப்பா சாமி!

மைலோ டின்னில் வந்த மண்

கோலா கங்சார் போகிற வழியில் ஒரு பழைய ரப்பர் தோட்டம். ரப்பர் போய்ச் செம்பனை வந்து வெகுகாலம் ஆகிறது. மிச்சம் இருப்பது ஒரு மாரியம்மன் கோயிலும் சில வீடுகளும்தான். கோயிலுக்குப் பின்னால், கோயில் நிலத்திலேயே, பார்வதி அக்கா கீரையும், சாவி என்கிற கடுகுக்கீரையும் போட்டு, காலைச் சந்தையில் விற்கிறார். கொஞ்ச நாளாகவே இலை ஓரமெல்லாம் கருகுது, மண் மேல் வெள்ளையாகப் பூத்து நிற்குது என்று போனில் ஒரே புலம்பல். மண்ணைக் கொண்டு வாங்க என்றேன்.

கொண்டு வந்தார். மைலோ டின்னில், சலித்து, வெயிலில் காயவைத்து, ஒரு வேர், ஒரு கல் இல்லாமல். உப்பு அளக்கிற மீட்டரை வைத்தால் உப்பே இல்லை. அப்படி ஒரு தங்கமான மண். இதில் எப்படி இலை கருகும் என்று மண்டையைக் குடைந்துவிட்டு, எந்த இடத்தில் எடுத்தீர்கள் அக்கா என்று கேட்டேன். வீட்டு வாசலில் இருக்கிற ரோஜாத் தொட்டியில் எடுத்ததாம். பாத்தி மண் பார்க்கவே சகிக்காதாம்.

"ஆபீஸுக்குக் கொண்டாற மண்ணு மிஸ், அதுவும் பொம்பள நீங்க கையால தொடப்போற மண்ணு, நல்லதாப் பாத்துக் கொண்டாரணும்ல?"

கூரையைப் பிரி என்றேன்

இனி நம்பிப் பிரயோஜனம் இல்லை என்று நானே காரை எடுத்துக்கொண்டு போனேன். பாத்தி முழுக்க வெள்ளைப் படலம். நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தாலே தெரியும், அவ்வளவு உப்பு. மேலே பளபளவென்று பிளாஸ்டிக் கூரை. அக்காவின் வீட்டுக்காரர் முனியாண்டி அண்ணன் போன வருஷம்தான் ஏறி நின்று போட்டது. கீழே கோழி எருவை மெத்தை மாதிரி பரப்பி வைத்திருக்கிறார்கள். எருவிலும் உப்பு இருக்கிறது, பாஜாவிலும் உப்பு இருக்கிறது. மழை விழுந்தால் கழுவிக்கொண்டு போகும். மழைக்குத்தான் கதவைச் சாத்தியாகிவிட்டதே! ஈக்கான் மாசின் கருவாட்டை வறுத்துத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்து பாருங்க அக்கா, அந்தச் செடிக்கும் அப்படித்தான் நாக்கு வறளும் என்றேன். கூரையைப் பிரியுங்கள், பாத்தி ஓரம் ஆழமாக வாய்க்கால் வெட்டுங்கள், கோழி எருவை நிறுத்துங்கள், ஜிப்சம் போட்டு மழையை உள்ளே விடுங்கள். இவ்வளவுதான் நான் சொன்னது.

அப்போதுதான் அக்கா விஷயத்தைச் சொன்னார். கோயில் தலைவர் கெடு வைத்திருக்கிறார். தைப்பொங்கலுக்குள் அந்த இடம் பச்சையாகவில்லை என்றால், சிமெண்ட் போட்டுக் கார் நிறுத்துகிற இடமாக்கிவிடுவார்களாம். அக்காவுக்கு வேறு நிலம் கிடையாது. "செத்த மண்ண வச்சிக்கிட்டு என்ன பண்ணப்போற பார்வதின்னு எல்லாரு முன்னாலயும் கேட்டுட்டாரு மிஸ்" என்று சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. எனக்கும் மனசு கேட்கவில்லை. முனியாண்டி அண்ணனுக்கு மட்டும் கூரைக் கவலை.

"மழைக்குப் பயந்து போட்ட கூரைய மழைக்காகப் பிரிக்கணும்னா, காலேஜுல என்னதான்லா சொல்லிக் குடுக்கிறாங்க?"

போத்தல் தண்ணீர்

இருந்தாலும் பிரித்தார்கள். நல்ல மழை பெய்தது. மீட்டர் சரசரவென்று இறங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கடையில் எல்லாருக்கும் தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தேன். கீரை விதைத்தார்கள், முளைத்தது. அப்புறம் கொஞ்ச நாள் மழை இல்லை. கோயிலுக்குப் பின்னால் இருக்கும் குளத்திலிருந்து பம்ப் போட்டு இறைத்தார்கள். பழையபடி வெள்ளை பூத்தது, பழையபடி இலை கருகியது. தண்ணீரில்தான் கோளாறு என்று தோன்றியது. குளத்துத் தண்ணீரைப் போத்தலில் பிடித்துக்கொண்டு வாருங்கள் என்றேன்.

முனியாண்டி அண்ணன் மோட்டார் சைக்கிளில் கொண்டு வந்து கொடுத்தார். சோதித்தால் சுத்தமோ சுத்தம், குடிக்கலாம். மீட்டர் கெட்டுவிட்டதா? கழுவித் துடைத்து மறுபடி வைத்தேன். அதே கதை. கடை முதலாளி தவுக்கே என்னை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தார். ராத்திரி குனோங் ராபாட்டில் என் வீட்டில் சோறு இறங்கவில்லை. மறுநாள் போனைப் போட்டு, "அண்ணே, சத்தியமா அது குளத்துத் தண்ணிதானா?" என்று கேட்ட பிறகு வந்தது உண்மை. வீட்டுப் பைப்பில் பிடித்த தண்ணீர். அப்படியே போனைச் சுவரில் அடிக்கலாமா என்று வந்தது எனக்கு.

"கொளத்துத் தண்ணி கலங்கலா கெடக்கு மிஸ், அதப் போயி உங்க கையில குடுத்தா நீங்க என்ன நெனப்பீங்க?"

அக்காவின் சந்தேகம்

வாளியும் கயிறுமாக நானே போனேன். குளம் என்று பெயர்தான், ஒரு லாரி நிற்கிற அளவு குழி. மீட்டரை விட்டதும் எகிறியது பாருங்கள்! கடல் எங்கேயோ கிடக்கிறது. கோழி எருவை எப்போதோ நிறுத்தியாகிவிட்டது. குழிக்குள் உப்பு எங்கிருந்து வந்து குதித்தது? சுற்றிச் சுற்றிப் பார்க்கிறேன், ஒன்றும் விளங்கவில்லை.

பார்வதி அக்காவுக்கு மட்டும் எல்லாம் விளங்கியிருந்தது. யாரோ செய்வினை வைத்துவிட்டார்களாம். யார் என்றும் தெரியுமாம், பெயர் சொல்லமாட்டாராம். அக்கா, இது உப்பு, செய்வினை இல்லை என்று தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்தினேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். அதற்கெல்லாம் தான் வழி பண்ணிக்கொண்டுதான் இருப்பதாகச் சொன்னார். என்ன வழி என்று கேட்டேன்.

"அது ஆத்தாவுக்கும் எனக்கும் உள்ளது மிஸ், நீங்க உங்க மீட்டரப் பாருங்க."

ஆடி வெள்ளி

ஆடி மாதம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் குளத்தை மறுபடி பார்க்கப் போனால் கோயிலில் நல்ல கூட்டம். வாசலில் ஒரு சிமெண்டுத் தொட்டி. தலைவர் போன வருஷம் கட்டிவிட்டு, அதன் மேல் தன் பெயரையும் பொறித்துக்கொண்டது. வேண்டுதல் உள்ளவர்கள் உப்பையும் மிளகையும் அந்தத் தண்ணீரில் கொட்டுகிறார்கள். உப்பு கரைகிற மாதிரி கஷ்டமும் கரையும் என்பது நம்பிக்கை. அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை, சின்ன வயதில் அம்மை போட்டபோது எனக்காகவும் கொட்டியிருக்கிறார்கள். தொட்டி நிறைந்ததும் ஒருவர் அடைப்பைப் பிடுங்கினார். தண்ணீர் பைப் வழியாகச் சுவருக்கு அந்தப் பக்கம் போனது. எனக்குச் சுரீர் என்றது. பின்னாலேயே ஓடினேன். பைப்பிலிருந்து லோங்காங், அதாவது சாக்கடை, லோங்காங்கிலிருந்து குளம். வெள்ளிக்கு வெள்ளி, மூட்டை மூட்டையாக!

கத்திவிட்டு வரலாம் என்று வாசலுக்குத் திரும்பினால், வரிசையில் நிற்கிறார் பார்வதி அக்கா. கையில் பெரிய உப்புப் பாக்கெட். என்ன அக்கா இது என்றேன். செடி கருக ஆரம்பித்ததிலிருந்து, பாத்தி நல்லாக வேண்டும் என்று, ஒரு வெள்ளி தவறாமல் உப்புக் கொட்டுகிறாராம். செடி ரொம்பக் கருகினால் ரெண்டு பாக்கெட்டாம். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பைப்பைக் காட்டினேன், லோங்காங்கைக் காட்டினேன், குளத்தில் கிடக்கிற அவருடைய பம்பைக் காட்டினேன். அக்கா உப்புப் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு குளத்துக்கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நான் போட்ட உப்ப நானே எறச்சி, நானே ஊத்தியிருக்கேனா மிஸ்?"

தலைவரிடம் போன கதை

உப்புப் போடுவதை நிறுத்த முடியாது, அது ஜனங்களுடைய நம்பிக்கை என்றார் தலைவர். நிறுத்த வேண்டாம் ஐயா, தண்ணீரை மட்டும் வேறு பக்கம் விடுங்கள் என்றேன். தொட்டியில் கை வைக்கக்கூடாது என்றார். தொட்டியில் இல்லை, பைப்பில்தான் என்றேன். இந்த லட்சணத்தில் அரை நாள் போனது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. கடைசியில் பார்வதி அக்காதான் முன்னால் வந்தார். "பைப்ப மாத்துங்க, இல்லாட்டி வெள்ளிக்கு வெள்ளி தொட்டி முன்னால நின்னு வர்றவங்க எல்லாருகிட்டயும் இந்தக் கதையச் சொல்வேன்" என்றார். தலைவர் சட்டென்று இறங்கி வந்தார். மெயின் ரோட்டுப் பெரிய லோங்காங் வரைக்கும் முனியாண்டி அண்ணனே பைப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் தைப்பொங்கல் கெடு கெடுதான் என்றார்.

அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே! உப்பைத் தண்ணீரில் போடாமல் ஒரு தோங் டிரம்மில் சேர்த்தால், கூடவே மிளகும் இருக்கிறது, அன்னதானத்துக்கு ரசம் வைக்கலாமே என்று யோசனை சொன்னேன். பார்வதி அக்காவே பதறிவிட்டார்.

"ஊரு சீக்கு, ஊரு பீடை பூராவும் அதுலதான் எறங்கியிருக்கு, அத ரசம் வச்சிக் குடிக்கச் சொல்றீங்களா மிஸ்?"

தை

முனியாண்டி அண்ணன் தொட்டித் தண்ணீரை மெயின் ரோட்டு லோங்காங்குக்குத் திருப்பிப் பைப் போட்டார். குளத்தை இறைத்துக் காயவிட்டு மழைத் தண்ணீரால் நிரப்பினார்கள். பாத்தியில் ஜிப்சம் போட்டார்கள், மக்கின இலைதழை போட்டார்கள். வருஷக் கடைசி மழை கொட்டு கொட்டென்று கொட்டிக் கழுவியது. நான் போகும்போதெல்லாம் அக்கா முதலில் என் மீட்டரைப் பார்ப்பார், அப்புறம்தான் என் முகத்தைப் பார்ப்பார். தை பிறப்பதற்கு முன்னாலேயே கீரை தளதளவென்று வந்துவிட்டது. தலைவர் வந்து நின்று பார்த்தார். கார் நிறுத்துகிற பேச்சையே எடுக்கவில்லை. போகும்போது ரெண்டு கட்டுக் கீரையை மட்டும் எடுத்துக்கொண்டு போனாராம்.

பொங்கல் முடிந்து அக்காவும் அண்ணனும் மோட்டாரில் கடைக்கு வந்தார்கள். அக்கா என் மேசையில் கீரைக் கட்டை வைத்துவிட்டு, என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். எனக்கும் கண்ணில் தண்ணீர். அப்போதுதான் வெளியே மோட்டாரில் கட்டியிருந்த மூட்டையைப் பார்த்தேன். ஐயோ, மறுபடி கோழி எருவா என்று பதறிக் கேட்டேன்.

"சேச்சே, எரு இல்ல மிஸ், உப்பு! பாத்தி நல்லாயிடுச்சில்ல, ஆத்தாவுக்கு ஒரு மூட்டையா வேண்டிக்கிட்டிருந்தேன், வர்ற வெள்ளிக்கெழம நீங்களும் கூட வந்து கொட்டணும்."

வெள்ளிக்கிழமை போனேன், ஒரு கையால் உப்பைக் கொட்டிவிட்டு, மறு கையில் மீட்டரோடு குளத்துக்கு ஓடினேன். இவ்வளவு படித்துவிட்டு நான் பார்க்கிற வேலை இதுதான்.