அந்தமானுக்குப் பூக்கட்டிப் பார்த்தது

நாங்கள் அந்தமானுக்குப் போகும் மாதத்தை முடிவு செய்தது எங்கள் குலதெய்வம். இன்றுவரை அப்பா அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார். அதைக் கெடுக்க எனக்கும் மனம் வரவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பெருமாநல்லூரில் அப்பாவுக்குச் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி. அந்தப் பங்குனியில் ஏற்றுமதி அவசரத்தில் கட்டிங் மேசைக்குப் பக்கத்திலேயே மயங்கி விழுந்தார். ஒரு மாதமாவது ஓய்வு வேண்டும் என்றார் டாக்டர். மூன்றாம் நாளே காதில் போனோடு அப்பா கம்பெனிக்குக் கிளம்பிவிட்டார். அம்மா அழுது, பட்டினி கிடந்து, கடைசியில் ஒரு வாரம் அந்தமான் போகலாம் என்ற வாக்கை வாங்கினாள்.

எப்போது போவது என்பதில் சண்டை. டிராவல்ஸ்காரர் தை மாதம்தான் சரி என்றார். அப்பாவும் அதையே பிடித்துக்கொண்டார். நானோ அடியில் கண்ணாடி பதித்த படகில் உட்கார்ந்து, காலுக்குக் கீழே மீன் பார்க்கப்போவதாக வகுப்பு முழுக்கச் சொல்லி முடித்திருந்தேன். அம்மா மட்டும் ஆடி என்று அடம்பிடித்தாள்.

"ஆடியில அங்க மழை கொட்டுமுங்க. படகு போகாதுங்க, போனு கூட எடுக்காதுங்க" என்று டிராவல்ஸ்காரர் பயமுறுத்தினார். அதைக் கேட்டு அம்மாவின் முகம் மலர்ந்தது.

கடைசியில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. பெண் எடுப்பதிலிருந்து போர்வெல் போடுவது வரை எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் கட்டிச் சாமி முன்னால் வைப்பார்கள். ஒரு குழந்தை எதை எடுக்கிறதோ அதுவே சாமியின் வாக்கு. வெள்ளை வந்தால் தை, சிவப்பு வந்தால் ஆடி. எடுக்கப்போகும் குழந்தை நான்.

படகுக்காகச் சாமியையே ஏமாற்றத் துணிந்தேன். அம்மா சமையலறையில் பூக்கட்டியபோது கதவோரம் நின்று பார்த்தேன். அவளுக்கு வலப்பக்கம் வெள்ளை அரளி, இடப்பக்கம் செவ்வரளி. பிறகு அவள் முதுகுதான் தெரிந்தது. இரண்டு வாழையிலைப் பொட்டலங்களையும் வைத்துவிட்டு அவள் சேலை மாற்றப் போனதும், வலப்பக்கப் பொட்டலத்தின் மேல் நகத்தால் ஒரு கீறல் போட்டேன்.

கோயிலில் பூசாரி இரண்டையும் சாமி காலடியில் வைத்தார். "நல்லாக் கும்பிட்டுப்போட்டு ஒண்ணை எடு கண்ணு" என்றார். கும்பிடுவதுபோல் குனிந்து, கீறலைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். பிரித்தார். சிவப்பு!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாமி என் திருட்டைக் கண்டுபிடித்துவிட்டது, பொட்டலத்துக்குள் இருந்த பூவையே மாற்றிவிட்டது என்றே நம்பினேன். "ஆத்தாளே சொல்லிப்போட்டா, அப்புறமென்ன" என்று அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மா இன்னொரு பொட்டலத்தைப் பிரிக்காமலே கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். இருந்த பயத்தில் எனக்கு அது வித்தியாசமாகத் தோன்றவில்லை.

ஆடியில் போனோம். மழை விடவே இல்லை. படகு இல்லை, சிக்னலும் இல்லை. முதல் நாள் அப்பா போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி விடுதி வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தார். இரண்டாம் நாள் அதை மேசையில் வைத்தார். மூன்றாம் நாள் மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் மாலையாகியும் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு இடிக்கும் எனக்கு உயிர் போய் வந்தது. என்னைத் தண்டிக்கத்தானே இவ்வளவு மழை! தாங்க முடியாமல் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டேன்.

அம்மா சிரித்தாள். "இதுக்கா அழுவறே? நீ எதை எடுத்திருந்தாலும் சிவப்புதான் கண்ணு. ரெண்டுலயும் செவ்வரளியத்தான் கட்டுனேன்."

சாமியே பூவை மாற்றியிருந்தால்கூட நான் அப்படி அதிர்ந்திருக்க மாட்டேன். பஸ்ஸில் போகும்போதுகூட ஒரு கோயிலையும் விடாமல் கும்பிடுகிற அம்மா!

"சாமி கோவிச்சுக்காதாம்மா?"

"அதுகிட்ட முன்னாடியே சொல்லிப்போட்டுத்தான் கட்டுனேன். அப்பாகிட்ட மட்டும் சொல்லிப்போடாத."

மழையில் அடைந்து கிடப்பதற்காக யாராவது சாமியை ஏமாற்றுவார்களா? எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. அப்பா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா கட்டிலோரம் உட்கார்ந்து அவர் மார்பின்மேல் கையை வைத்திருந்தாள்.

"கையை எடும்மா, அப்பா முழிச்சுக்குவாரு" என்றேன்.

அவள் எடுக்கவில்லை.