மருந்து அடித்த மறுநாள்

எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரு காலி மனை இருந்தது. இரண்டு கிரவுண்ட். சொந்தக்காரர் மஸ்கட்டில் இருப்பதாகச் சொல்வார்கள், நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பீர்க்கன்கரணை ஏரியை ஒட்டிய தெரு எங்களுடையது. மழைக்காலத்தில் அந்த மனையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். வற்றியதும் இடுப்புயரத்துக்குச் செடி கிளம்பும். உடைந்த கம்மோடு, கட்டட மண், காய்ந்த தேங்காய் மட்டை எல்லாவற்றையும் தெருக்காரர்கள் அங்கேதான் கொட்டினோம். நானும் கொட்டியிருக்கிறேன்.

நான் பள்ளியில் தாவரவியல் ஆசிரியை. கத்தரிக் குடும்பத்தின் பூ அமைப்பைக் கரும்பலகையில் வருடா வருடம் வரைந்துவிட்டு, அதே குடும்பத்துச் செடி என் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே காய்த்து நிற்பதைத் திரும்பிப் பார்க்காமல் பெருங்களத்தூர் ஸ்டேஷனுக்கு ஓடிக்கொண்டிருந்தவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்பும்போது அவள் அந்த மனைக்குள் குந்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கணவருக்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் மெத்தைக் கடை. பாம்பு கடித்துவிட்டதோ என்று பயந்து, "என்னாச்சும்மா?" என்று கத்தினேன். அவள் எழுந்து நின்றாள். கையில் பிரியாணி பார்சல் வருகிற பிளாஸ்டிக் டப்பா. பாதி நிறைய மணத்தக்காளி.

"இவ்ளோ காய்ச்சுக் கெடக்கு டீச்சர், யாரும் பறிக்க மாட்டேங்கறீங்க. வாங்க, உள்ள வாங்க. செருப்ப மட்டும் கழட்டாதீங்க, பீங்கான் கெடக்கு."

சர்ச்சுக்குக் கட்டிப்போன பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. அவள் ஒரு பழத்தை நீட்டினாள். வாயில் போட்டேன். முதலில் புளிப்பு, பிறகு இனிப்பு, கடைசியில் லேசான கசப்பு. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அந்தச் செடியின் லத்தீன் பெயர் தெரியும். அதன் பழத்தை அன்றைக்குத்தான் தின்றேன்.

அதன்பிறகு ஒன்றரை வருடம், பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன் அரை மணி நேரம் எங்களுக்கு அந்த மனைதான். அவள் டீயோடு வருவாள். நான் டம்ளரோடு போவேன். பேச்சு அதிகம் இருக்காது. சிறுபூனைக்காளிக் கொடி அந்தப் பக்கத்துச் சுவர் முழுக்க ஏறியிருந்தது. வலை போட்டு மூடியது போன்ற அதன் பழத்தைப் பிரித்து, உள்ளே இருக்கும் வழவழப்பான விதைகளை உறிஞ்சிவிட்டுத் துப்புவோம். சொடக்குத் தக்காளியின் உறையை அவள் என் நெற்றியில் அடித்து உடைப்பாள். "டீச்சரை அடிச்சிட்டேன், ஒரு நாளாவது!" என்று சிரிப்பாள். அவள் எட்டாம் வகுப்போடு நின்றவள். எருக்கஞ்செடியில் வரியன் பட்டாம்பூச்சியின் புழுக்கள் இலையைக் கடித்துக்கொண்டிருக்கும். எத்தனை என்று எண்ணி வைத்து, மறுநாள் எண்ணிக்கை குறைந்தால் இருவரும் சேர்ந்து கோபப்படுவோம். ஒரு செம்போத்து உண்டு. பறக்கவே சோம்பல்பட்டு, தும்பைப் புதருக்கும் கட்டட மண்ணுக்கும் இடையே நடந்தே திரியும். கோடையில் கீரி ஒன்று இரண்டு குட்டிகளைக் கூட்டிக்கொண்டு அந்த உடைந்த கம்மோடுக்குள் நுழைவதைப் பார்த்தோம். அவள் என் கையைப் பிடித்து அழுத்திக்கொண்டே இருந்தாள், வலிக்கிற அளவுக்கு.

என் கணவர், "ரெண்டு பேருக்கும் என்ன வேலை அந்தக் குப்பையில?" என்பார். நான் அந்த நாட்களில் சந்தோஷமாக இருந்தேன். அப்போது அதற்கு அப்படிப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு அவள் மார்பில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை, அதன்பின் கீமோ. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கணவர் காரில் நகரத்து மருத்துவமனைக்கு அழைத்துப்போவார். மூன்றாவது கீமோவில் அவள் வாய் முழுக்கப் புண்ணாகிவிட்டது. தண்ணீர் குடித்தால்கூடக் கண்ணில் நீர் வந்துவிடும். ஆஸ்பத்திரியில் களிம்பு கொடுத்திருந்தார்கள். அவள் என்னைத்தான் கேட்டாள். "மணத்தக்காளி கொண்டாங்க டீச்சர்."

கீரையை வேகவைத்துத் தேங்காய்ப்பால் விட்டு, ஆறவைத்துக் கொண்டுபோவேன். தினமும் இல்லை, வாரத்துக்கு நாலு நாள். ஸ்பூன் ஸ்பூனாக உள்ளே போகும். புண் ஆறியதா, ஆறியதாக அவள் எனக்காகச் சொன்னாளா, தெரியாது. மனைக்கு அவளால் வர முடியவில்லை. ஜன்னலோரம் கட்டிலைப் போட்டிருந்தார்கள். நான் செடிகளுக்கு நடுவே நின்று கையை அசைப்பேன். அவள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள். செம்போத்து வந்துவிட்டுப் போனதா என்று சைகையில் கேட்பாள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருச் சங்கத்தின் செயலாளர் வீட்டுக் கார் ஷெட்டுக்குள் சாரைப்பாம்பு புகுந்தது. யாரையும் கடிக்கவில்லை. ஆனால் தெரு வாட்ஸாப் குரூப்பில் அன்று முழுக்க அதே பேச்சு. காலி மனையை க்ளீன் பண்ண வேண்டும், சம்மதம் உள்ளவர்கள் தெரிவிக்கவும் என்று அவர் போட்டிருந்தார். ஸ்டாஃப் ரூமில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த நான் கட்டைவிரல் போட்டேன். எல்லாரும் போட்டிருந்தார்கள். வெட்டுவார்கள், ஒரு மழைக்கு மறுபடி முளைத்துவிடும் என்று நினைத்தேனா, எதையுமே நினைக்கவில்லையா, இப்போது யோசித்தாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பிறகு குரூப்பை மியூட் செய்துவிட்டேன். செய்தி மேல் செய்தியாக வந்துகொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு மதியம் அவள் போன் செய்தாள். குரல் கரகரத்தது.

"டீச்சர், பழம் இருக்கா? கீரை வேணாம். பழமா வேணும். பச்சையா."

"பச்சையா எதுவும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களேம்மா."

"சொன்னாங்க. நாக்குல எதுவுமே தெரியல டீச்சர். சோறு மண்ணு மாதிரி இருக்கு. அந்தக் கசப்பாவது தெரியுதான்னு பாக்கறேன். நாலே நாலு."

போனேன். செடிகள் எப்போதும்போல் பச்சையாக நின்றன. லேசாக ஒரு வாடை வந்தது. கார்ப்பரேஷன்காரர்கள் கொசுப்புகை அடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கறுத்த பழமாகப் பார்த்து ஒரு கைப்பிடி பறித்தேன். வெந்நீரில் உப்புப் போட்டு இரண்டு முறை அலசினேன். அவள் கட்டிலில் சாய்ந்தபடி ஒவ்வொன்றாக வாயில் வைத்து நசுக்கினாள். நாலில் நிற்கவில்லை. எல்லாவற்றையும் தின்றாள்.

"தெரியுது டீச்சர்," என்றாள். "லேசா. கடைசியில கசக்குது பாருங்க, அது தெரியுது."

செவ்வாய்க்கிழமை காலை மனை மஞ்சளித்துக் கிடந்தது. முதலில் வெயில் என்று நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் தும்பை, குப்பைமேனி, மணத்தக்காளி எல்லாம் ஒரே மாதிரி தலையைத் தொங்கப் போட்டிருந்தன. சிறுபூனைக்காளி சுவரைப் பிடித்திருந்த பிடியை விட்டிருந்தது. எருக்கின் கீழே வரியன் புழுக்கள் சுருண்டு விழுந்திருந்தன. தாவரவியல் படித்தவளுக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை. வியாழக்கிழமைக்குள் எல்லாம் பழுப்பாகிவிட்டது. அந்தப் பழுப்பில் செம்போத்து மறைய இடமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. ஒரு வாரம் வந்தது, பிறகு வரவில்லை.

செவ்வாயன்று பள்ளிக்குப் போகாமல் செயலாளர் வீட்டுக்குப் போனேன். ரயில்வேயில் ரிட்டையர் ஆனவர், நல்ல மனிதர். கொரோனா சமயத்தில் தெரு முழுக்க அரிசி கொண்டுவந்து கொடுத்தவர்.

"என்ன சார் அடிச்சீங்க அங்க?"

"களைக்கொல்லி மேடம். வெட்டறதுக்கு ஆளே கிடைக்கல. சனிக்கிழமை ஒருத்தர் டேங்கோட வந்தார், ஒரு மணி நேரத்துல முடிச்சிட்டார்."

"மருந்து அடிக்கப்போறோம்னு சொல்ல வேண்டாமா சார்?"

அவர் போனை எடுத்து எனக்குக் காட்டினார். வெள்ளிக்கிழமை மாலை போட்ட செய்தி. நாளை மனையில் மருந்து அடிக்கிறோம், குழந்தைகளையும் நாய்களையும் ஒரு வாரம் உள்ளே விடாதீர்கள். கைகூப்பும் படம். அதற்கு மேலே, நாலு நாள் முந்தைய செய்தியின் கீழே, என் கட்டைவிரலும் இருந்தது.

"நீங்களும் ஓகே சொல்லியிருந்தீங்களே மேடம்," என்றார், குற்றம் சாட்டும் குரலில் இல்லை. நான் ஏன் கேட்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. நானும் சொல்லவில்லை.

அங்கிருந்து நேராக அவள் வீட்டுக்குப் போனேன். கணவர் கடைக்குப் போயிருந்தார். அவளுக்கு முந்தைய நாள் மாலையிலிருந்து காய்ச்சல். போர்வையைக் கழுத்துவரை இழுத்திருந்தாள். ஜன்னல் வழியே அவளும் மனையைப் பார்த்திருந்தாள். கட்டைவிரலிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் போர்வையை விலக்கிக் கையை வெளியே எடுத்தாள். பிறகு, "எனக்கு ஏத்தறதே விஷம்தானே டீச்சர்," என்றாள். "டாக்டரம்மாவே அப்படித்தான் சொன்னாங்க. கெட்டதோட நல்லதையும் சேத்துக் கொல்லும்னு. இதுல நீங்க ஒரு கைப்பிடி."

"ஆஸ்பத்திரியில சொல்லிடலாம்மா. இப்பவே."

"சொல்றேன், நானே சொல்றேன். அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவரு யார் மேலயாவது கோபப்படணும்னு காத்துக்கிட்டு இருக்காரு. உங்க மேல வேணாம்."

அன்று மதியமே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் பார்க்கப் போனபோது, டாக்டரிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். ரத்த அணுக்கள் குறைந்துபோயிருக்கின்றன, கீமோ எடுப்பவர்களுக்கு இப்படிக் காய்ச்சல் வரும், பழத்தால் இல்லை என்றார்களாம். அவள் உண்மையிலேயே டாக்டரிடம் கேட்டாளா, எனக்காக அதையும் சொன்னாளா? நான் டாக்டரைத் தேடிப்போய்க் கேட்டிருக்கலாம். நர்ஸ் மேஜையருகே இரண்டு முறை போய் நின்றேன். இரண்டு முறையும் வேறு எதையோ கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

பதினோரு நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள். இன்னொரு கீமோ தாங்கினாள். அதற்கடுத்ததைத் தாங்கவில்லை. நோய் ஈரலுக்குப் பரவியிருந்தது. காலை பத்து மணிக்கு அவள் உடல், அவர்கள் வழக்கில் மையத்து, வீட்டுக்கு வந்தது. பெண்கள் அறையில் நானும் உட்கார்ந்திருந்தேன். வெள்ளைத் துணிக்கு நடுவே முகத்தைக் கடைசியாகக் காட்டியபோது, உதட்டோரத்தில் புண்ணின் தழும்பு இன்னும் இருந்தது. அந்த ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தார்கள். திறந்தாலும் கட்டாந்தரைதான் தெரிந்திருக்கும்.

நாற்பதாம் நாள் முடிந்ததும் நான் அவள் கணவரிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்பதை நியாயப்படுத்த மாட்டேன். அவருக்கு உண்மை தெரிய வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதில்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பாரத்தில் பாதியையாவது இன்னொருவர் கையில் கொடுத்துவிட நினைத்தேன், அவ்வளவுதான். சொல்லாதீர்கள் என்று அவள் கேட்டுக்கொண்டதையும் சேர்த்தே சொன்னேன்.

கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். நான் முடித்த பிறகு, "எத்தனை பழம்?" என்று கேட்டார்.

"ஒரு கைப்பிடி."

"எல்லாத்தையும் சாப்டாளா?"

"ஆமா."

"பச்சையா?"

"ஆமா."

தலையை மெல்ல ஆட்டினார். "என்கிட்ட எதுவுமே சாப்பிட மாட்டேன்னு சொல்லிட்டா அந்த வாரம் பூரா," என்றார். "இட்லியத் தண்ணியில கரைச்சுக் குடுத்தேன். துப்பிட்டா." பிறகு உள்ளே போய்விட்டார். கேட்டைச் சாத்தக்கூட இல்லை.

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. சண்டையும் போடவில்லை. தெருவில் எதிரே வந்தால் வண்டியின் வேகத்தைக் கொஞ்சம் குறைப்பார், பழைய பழக்கம், பிறகு நினைவு வந்தவர்போல் முறுக்கிக்கொண்டு போய்விடுவார். காட்டாங்குளத்தூரில் படிக்கும் அவர்கள் மகள் மட்டும் விடுமுறைக்கு வந்தால் ஒருமுறை எட்டிப்பார்த்து, அம்மாவைப் பற்றி ஏதாவது சொல்லச் சொல்வாள். கீரிக்குட்டிகளைப் பற்றிச் சொல்வேன். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது.

இந்த வருடம் ஜூனில் அவர் வீட்டை விற்றுவிட்டார். பல்லாவரத்தில் தம்பி வீட்டு மாடிக்குப் போகிறார் என்று செயலாளர்தான் சொன்னார். சாமான் ஏற்றிய அன்று நான் லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தேன். பீரோ போயிற்று, வாஷிங் மெஷின் போயிற்று, மெத்தைகள் போயின. கட்டிலை நாலு பேர் சாய்த்துத் தூக்கினார்கள், வாசற்படியில் சிக்கிக்கொண்டது. அவர், "காலைக் கழட்டுங்கப்பா, இடிக்காதீங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் வாசலில் நின்றபடி நான் பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியும். மகள் ஓடிவந்து என் கையைப் பிடித்து, "போயிட்டு வரேன் ஆன்ட்டி," என்றாள். அவர் டெம்போ டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, நேரே முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் ஏறியதும் வண்டி கிளம்பியது.