பதினான்கு பேரைக் கூட்டி வந்தவர்

ஆசீர்வாதத்தின் வீட்டுக்கு நான் போனது அவருடைய மனைவி கங்கம்மாவைப் பார்த்துக்கொள்ள. கல்லீரலில் புற்றுநோய். இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். படுக்கையில் கிடப்பவர்களைப் பராமரிக்க நான் முறையாகப் பயிற்சி எடுத்தவள். உடம்பு துடைப்பது, புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது, வலி மருந்தை வேளை தவறாமல் கொடுப்பது, இதுதான் என் வேலை. கூட உட்கார்ந்து அழுவது அதில் சேராது.

எளாவூரில் தண்டவாளத்தை ஒட்டிய வரிசையில் அவர்கள் வீடு. ஆசீர்வாதம் வாலிபத்திலிருந்து கல்கத்தா ரோட்டில் லாரி ஓட்டியவர். முதுகு போனபின் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் வாட்ச்மேன். பிள்ளைகள் இல்லை. தெலுங்கு நன்றாகப் பேசுவார், ஒரியாவும் சமாளிப்பார்.

சபையிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை ஒரு குழு ஊழியத்துக்குப் போகும். அந்த முறை ஒடிசா எல்லையில் மலைக் கிராமங்கள். மருத்துவ முகாம், சிறுவர் கூட்டம், வீட்டு ஜெபம். பதினான்கு பேருக்கு டிக்கெட் போட்டாயிற்று. பயண ஏற்பாட்டைப் பார்க்க வேண்டியவருக்குக் கடைசி நேரத்தில் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. போதகர் ஆசீர்வாதத்திடம் வந்து நின்றார்.

ஆசீர்வாதம் என் முகத்தைப் பார்த்தார். "யக்கா, இவ தாங்குவாளா?"

"சொல்ல முடியாது. நீ வரும்போது இருக்கலாம், இல்லாமயும் போகலாம். தெரிஞ்சுக்கினு போ."

"அப்ப நான் போவல."

கட்டிலிலிருந்து கங்கம்மா குரல் கொடுத்தாள். "இன்னாத்துக்கு? என் மூஞ்சியவே பாத்துக்கினு குந்திக்கினு கீறியே, எனக்கே பேஜாரா கீதுய்யா. லாரில சுத்தனப்ப என்னக் கேட்டுக்கினா போன?"

"நான் வர்றதுக்குள்ள எதுனா ஆச்சுன்னா?"

"ஆனா ஆவட்டும். நீ குந்திக்கினு இருந்தா எமன் வாசல்லயே நிப்பானா? இன்னிக்கு வாட்ச்மேன் டூட்டி, நாளைக்கு வான்னு சொல்லுவியா?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கிளம்பும்போது ஒவ்வொருவரிடமும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார். என்னிடம், போதகரிடம், கங்கம்மாவின் தம்பி குப்புராஜிடம். "ஒண்ணுன்னா உடனே சொல்லிடுங்க. எந்த மலைல இருந்தாலும் எறங்கி வந்துடுவேன். மறைக்காதீங்க."

எங்கள் பக்கத்தில் வடக்கே தூரப் பயணம் போக வேண்டும் என்றால் முதலில் தெற்கே சென்ட்ரலுக்குப் போக வேண்டும். எக்ஸ்பிரஸ் இங்கே நிற்காது. சென்ட்ரலில் ஏறி, திரும்ப நம் ஊரையே தாண்டிப் போக வேண்டும். எக்ஸ்பிரஸ் ஓடுவதை நாங்கள் யாரும் தலை தூக்கிப் பார்ப்பதில்லை. நமக்கு ஆகாத வண்டி.

போன இடத்தில் அவர் நன்றாகவே செய்தார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். மலைக்கு ஜீப் பேசினார். மருந்துப் பெட்டிகளை நனையாமல் கொண்டுபோனார். கடைசி ஆள் உட்காராமல் தான் உட்காரவில்லை. பிரசங்கம் செய்கிறவர் பெயர் நோட்டீஸில் வரும், வண்டி பிடிக்கிறவர் பெயர் வராது. அவர் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

அவர்கள் மலையிலிருந்து இறங்கிய அன்று காலை கங்கம்மா இறந்துபோனாள். மூச்சு மாறியதும் தெரிந்துகொண்டேன். தலையை உயர்த்தி வைத்தேன், உதட்டை நனைத்தேன், கையைப் பிடித்துக்கொண்டேன். சிரமப்படவில்லை. கண்களை மூடி, தாடையைக் கட்டி, உடம்பைக் கழுவி, புடவை மாற்றிவிட்டு, ஆசீர்வாதத்துக்கு போன் போட்டேன். மலையில் சிக்னல் இல்லை.

அதற்குள் குப்புராஜ் வந்துவிட்டான். "மாமாக்கு சொல்லாதீங்கம்மா."

"உடனே சொல்லச் சொல்லிட்டுத்தானே போனான்?"

"சொன்னா அங்கயே ஒடஞ்சி உழுந்துடும். பொம்பளைங்க, சின்னப் பசங்க எல்லாம் கீறாங்க. பாஷை தெரியாத ஊர்ல அவங்கள யாரு கூட்டினு வர்றது?"

போதகரும் அதையே சொன்னார். "வந்து சேரட்டும் சிஸ்டர். பக்குவமா சொல்லிக்கலாம்."

"செத்தது அவன் பொண்டாட்டி. பக்குவம் உங்களுக்கா அவனுக்கா?" என்று கேட்டேன். ஆனால் வீட்டில் இருந்த ஒரே போனைக் குப்புராஜ் வாங்கி வைத்துக்கொண்டான். மத்தியானம் ஸ்டேஷனிலிருந்து ஆசீர்வாதம் பேசியபோது, "அக்கா நல்லா கீது மாமா, இப்பதான் கஞ்சி குடிச்சிது" என்றான். சொல்லிவிட்டுச் சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். குழுவிலிருந்த சபை மூப்பர் அப்பாவுவிடம் மட்டும் போதகர் விஷயத்தைச் சொன்னார். ராத்திரிக்குள் மற்றவர்களுக்கும் தெரிந்துவிட்டது. ரயில் பெட்டியில் விஷயம் தெரியாத ஒரே ஆள், அந்தப் பெட்டியையே கவனித்துக்கொண்டவர்.

இவ்வளவு யோசித்தவர்கள், அந்த ரயில் எந்த வழியாக வரும் என்பதை யோசிக்கவில்லை. வீட்டு வாசலில் பந்தல் போட்டார்கள். வாடகை நாற்காலி வந்தது. கண்ணாடி ஐஸ் பெட்டி வந்தது. எல்லாம் தண்டவாளத்தைப் பார்த்தபடி. மறுநாள் முற்பகலில் எக்ஸ்பிரஸ் ஊதிக்கொண்டு தாண்டியது. கதவருகே யாரோ நின்று கை ஆட்டுவது தெரிந்தது. கை பாதியில் நின்றது.

குப்புராஜ் கையிலிருந்த போன் அடித்தது. அவன் எடுக்கவில்லை. பிடுங்கி நான் எடுத்தேன்.

"யக்கா, நம்ம ஊட்டாண்ட இன்னாத்துக்கு பந்தல்?"

"கங்கம்மா போயிட்டா ஆசீர்வாதம். நேத்து காலையில."

"சரிக்கா. இவங்கள சென்ட்ரல்ல எறக்கி உட்டுட்டு வரேன்."

அப்படியே செய்தாராம். அப்பாவு தடுத்தும் கேட்காமல், ஒவ்வொருவர் மூட்டையையும் தானே இறக்கிக் கொடுத்திருக்கிறார். பிறகு லோக்கல் ரயிலைப் பிடித்து, நின்றுகொண்டே எளாவூர் வந்தார்.

பந்தலில் எல்லோரும் எழுந்தார்கள். போதகர் கையைப் பிடிக்க வந்தார். ஆசீர்வாதம் தம் கையை விலக்கிக்கொண்டு, குப்புராஜைத் தாண்டி, என்னிடம் வந்து உட்கார்ந்தார். "நேத்து காலையில இருந்து சொல்லுக்கா. ஒண்ணும் உடாத."

சொன்னேன். "எழுந்ததும் தண்ணி கேட்டா. ரெண்டு ஸ்பூன் கஞ்சி குடிச்சா. உப்பு பத்தலன்னா."

"அப்ப நாங்க மூட்ட கட்டிக்கினு இருந்தோம்."

"அப்புறம் சன்னல் பக்கம் திருப்பச் சொன்னா. நீ எந்த ஊர்ல இருப்பேன்னு கேட்டா. மலை எறங்கிக்கினு இருப்பான்னு சொன்னேன்."

"எறங்கிக்கினுதான் இருந்தோம். சரியாத்தான் சொல்லிக்கீற."

"கொஞ்ச நேரத்துல மூச்சு மாறிடுச்சி. சன்னல் கம்பிக்கு வெயில் வந்தப்ப போயிட்டா."

அவர் கணக்குப் போட்டார். விரல்கள் முழங்கால்மேல் நகர்ந்தன.

"அடிவாரத்துல நாஷ்டா அப்போ. இட்லி வாங்கிக் குடுத்துக்கினு இருந்தேன். சட்னி வேணுமா, சாம்பார் வேணுமான்னு ஒவ்வொருத்தரா கேட்டுக்கினு இருந்தேன்க்கா." விரல்கள் எண்ணுவதை நிறுத்தின. "ராத்திரி ரயில்ல பாட்டு பாடுனேன். எல்லாரும் கை தட்டுனாங்க. அவங்களுக்குத் தெரியும்தானே? தெரிஞ்சுதானே தட்டுனாங்க?"

எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "தெரியும்" என்றேன்.