நாற்பதை மறைத்த பேனர்

பிப்ரவரி 11, புதன்கிழமை, காலை 10.20. பனி விலகிச் சுள்ளென்று வெயில். விளாங்குடியில் ஸ்கூட்டரில் 52 கி.மீ. வேகத்தில் சென்றதாகக் கைப்பேசிக்கு அபராதச் செய்தி வந்தது. அங்கே எல்லை 40-ஆம். நாற்பத்தோரு வருடம் அபராதமே கட்டாமல் வண்டி ஓட்டியவன் நான்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். '40' பலகையை ஒரு காதணி விழா பேனர் முழுதாக மறைத்திருந்தது. எல்லைப் பலகை ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது சட்டம். கோபத்தோடு நான்கு படங்கள் எடுத்து, தல்லாகுளம் போக்குவரத்துக் காவல் அலுவலகத்தில் அதிகாரியிடம் மனுவோடு நீட்டினேன்.

அவர் படத்தைப் பெரிதாக்கினார். "ஐயா, மூணாவது வரிசையில கும்பிட்டு நிக்கிறது நீங்கதானே?"

முப்பத்தாறு முகங்களில் ஒன்று என்னுடையது. தன் பிள்ளையின் காதணி விழாவுக்கு என் பங்காளி மகன் என்னைக் கேட்காமலே போட்டிருக்கிறான்.

"நீங்களே மறைச்சுப்புட்டு நீங்களே மனுக் குடுக்குறீகளே!" என்று பக்கத்து மேசைக்காரர் சிரித்தார்.

அனுமதியில்லாத பேனருக்கும் என்னையே பிடிப்பார்களோ என்று பயந்து, மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு அபராதத்தைக் கட்டினேன். பங்காளி மகனைக் கேட்டால், "பெரியப்பா, இம்புட்டுப் பெரிய பேனர்ல போட்டதுக்குச் சந்தோசப்படுவீகன்னு நெனச்சேன்" என்கிறான்.

இப்போதெல்லாம் யார் பத்திரிகை வைத்தாலும், பேனரில் என் படம் போடமாட்டோம் என்று எழுதி வாங்கிய பிறகே தாம்பூலத்தைத் தொடுகிறேன். அபராதம், ஆட்டோ, படப்பிரதி, அந்த விழாவுக்கு வைத்த மொய் எல்லாம் சேர்த்து ரூ.2,281.