கர்னல், நீதிபதி, முதலாளி

என் தங்கை ரோஸ்மேரி, நல்லூரில் நானும் வேலை பார்த்த பனியன் கம்பெனியில், தைத்ததில் பழுது பார்க்கும் செக்கிங் வேலை பார்த்தாள். பழைய பிரெஞ்சு நகைச்சுவை இசை நாடகம் ஒன்றின் ஆங்கில வடிவத்தை அகராதி வைத்துப் படித்து, 2006 கிறிஸ்துமஸ் விழாவுக்குத் தமிழில் எழுதினாள். பிரான்சில் அதன் கேலிப் பாட்டு ஒரு கர்னலைப் பற்றியது. லண்டன் மேடையில் அவரை நீதிபதியாக்கினார்கள். இவள் முதலாளியாக்கினாள், தினமும் “இன்னைக்கு ஷிப்மெண்ட்” என்று சொல்லி ஆட்களை வீட்டுக்கு விடாத முதலாளி.

விழாவுக்குப் பந்தல் போட்டுக் கொடுத்த எங்கள் கம்பெனி முதலாளி ஒத்திகைக்கு வந்தார். “ஏம்மா, பிரான்சுல இருந்தாப்புல கர்னலாவே வெச்சுக்கலாமல்ல?”

“லண்டன்ல மாத்துனப்ப எந்த நீதிபதியும் கோவிச்சுக்கலையே, மொதலாளி.”

அவர் சிரித்துக்கொண்டே போனார். விழா மாலையில், நடிக்கவேண்டிய டெய்லர்கள் அத்தனை பேரையும் கம்பெனியிலேயே நிறுத்திக்கொண்டார். கேட்டால் ஷிப்மெண்டாம். சரக்கு முந்தின நாளே போய்விட்டது. அயர்ன் போட்டு அடுக்கியவன் நான்.

காத்திருந்த கூட்டத்திடம் ரோஸ்மேரி மைக்கில் சொன்னாள்: “நாடகம் நடந்துட்டுத்தான் இருக்குங்க. மொதலாளி வேஷத்துல மொதலாளியே கம்பெனியில நடிச்சிட்டிருக்காரு.”

பந்தலே சிரித்தது. பிறகு அவள் ஒருத்தியாகவே முழுப் பாட்டையும் பாடினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளிலிருந்து அந்தக் கம்பெனியில் நானாகவே அயர்ன் பெட்டியைத் தொடவில்லை.