நான் அழித்த ஐந்தாவது பாகம்

போன சனிக்கிழமை காலை பசியாறிவிட்டுத் தொலைக்காட்சியைத் திறந்தேன். "உங்கள் ரசனைக்கு 97% பொருத்தம்" என்று சொல்லி அது ஒரு தொடரை என் முன்னால் நீட்டியது. படத்தில் ஒரு பெண் முதுகைக் காட்டியபடி நிற்கிறாள். அவளுக்கு எதிரே கூரை வரை அடுக்கிய கடிதங்கள். கண்ணாடிக்கு வெளியே பெரிய வளையத்தோடு ஒரு கோள். கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்துவிட்டேன். மொத்தம் பன்னிரண்டு பாகங்கள். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். ஐந்தாவதும் இருந்தது.

உலகத்தில் வேறு எங்கே இருந்ததோ எனக்குத் தெரியாது. எங்கள் பல்கலைக்கழக விடுதியில் அந்த ஐந்தாவது பாகத்தை இல்லாமல் செய்தவள் நான்.

உடனே எழுந்து போய் இழுப்பறையைத் துழாவினேன். பழைய பேட்டரிகள் போட்டு வைத்திருக்கும் ஒரு துணிப்பை கிடைத்தது. ஊதா நிறத்தில் சின்னச் சின்ன மாங்காய் போட்ட துணி. முகர்ந்து பார்த்தேன். இரும்பு வாசனைதான் வந்தது. ஆனாலும் என் மூக்கு பிடிவாதமாகப் புதுத்துணிக் கஞ்சி வாசனையைத் தேடியது. அம்மா மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், எங்கள் ஊரான தங்காக்கில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தார். நான் பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது, கடையில் மிஞ்சிய மாதிரித் துண்டில் தைத்துக் கொடுத்த பை இது. எதற்கு என்று கேட்டேன். "காலேஜு போற புள்ள, எதையாச்சும் வச்சுக்குவ" என்றார். காலேஜில் என்ன வைத்துக்கொள்வார்கள் என்று அம்மாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் போனதில்லை. அம்மா பள்ளியில் மூன்றாம் ஆண்டோடு நின்றவர். லாரி ஓட்டும் அப்பாவுக்குச் சாலைப் பலகைகளை மட்டும் படிக்கத் தெரியும்.

பள்ளி விடுமுறையில் அந்தக் கடையில் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பேன். மற்ற விற்பனைப் பெண்கள், "இது நல்லா போகுதுக்கா, புது டிசைன்" என்று விரித்துக் காட்டுவார்கள். அம்மா எதையும் விரிக்க மாட்டார். "யாருக்கு எடுக்கறீங்க?" என்று கேட்பார். பதில் வரும் வரை அவர் கை அலமாரிப் பக்கம் போகாது. மாமியாருக்கு என்றால் ஒன்று, பேச்சுவார்த்தை நின்றுபோன நாத்தனாருக்கு என்றால் வேறொன்று. இதை ஒரு திறமை என்று நான் அப்போது நினைக்கவில்லை. முதலாளி கண்ணில் படாமல் உட்கார்ந்து பேச ஒரு வழி என்றுதான் நினைத்தேன்.

இனி ஸ்கூடாய், என் பல்கலைக்கழகம் இருந்த ஊர். விடுதியில் என் அறைத் தோழி வெய் லிங்கிடம் ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க் இருந்தது. அதற்குள் விண்வெளி, பேய், மந்திரவாதி, காலப்பயணம், இயந்திர மனிதர்கள் என்று படங்களும் தொடர்களும் புத்தகங்களும் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. எங்கிருந்து வந்தன என்று யாரும் கேட்டதில்லை, நீங்களும் கேட்காதீர்கள். டிஸ்க் அறை அறையாகப் போகும். அம்மா தைத்த பை அதற்குச் சட்டைபோல் பொருந்தியதால் அதுவும் கூடவே போகும். பையோடு ஒரு பயிற்சிப் புத்தகம். டிஸ்க்கை வாங்குபவள் தன் பங்குக்கு ஒன்றை உள்ளே போட வேண்டும். அது யாருக்கு, எப்போது பார்க்க ஏற்றது என்று புத்தகத்தில் எழுத வேண்டும். கதையை மட்டும் சொல்லவே கூடாது. "பரீட்சையில் கோட்டை விட்டவளுக்கு." "வீட்டு நினைவு வந்தால் பார்க்காதே." "நாய் சாகாது, பயப்படாமல் பார்." கடைசி வகைக் குறிப்புகளுக்கு எங்கள் மாடியில் பெரிய மதிப்பு.

இந்தச் சட்டங்களைப் போட்டவள் எதிர் அறை ஸ்டெல்லா. ஆயர் ஈத்தாம் என்ற ஊரைச் சேர்ந்தவள். சாலையோரம் பானைகளும் சாடிகளும் விற்கும் கடை ஒன்றில் அவள் அம்மாவுக்கு வேலை. அப்பா சிங்கப்பூரில் கப்பல் பட்டறைக்குத் தினமும் மோட்டார் சைக்கிளில் போய் வருபவர். அப்போதெல்லாம் ஜொகூரில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இருக்கும் என்பதால் ஸ்டெல்லா சனி மாலையே தேவாலயப் பூசைக்குப் போய்விட்டு வருவாள். வரும்போது யாருக்கு எதைப் பார்க்கக் கொடுக்கலாம் என்று முடிவு செய்துகொண்டு வருவாள். பூசையில் கவனம் எங்கே இருந்தது என்று நான் கேட்டதில்லை.

முதல் மாதம் முழுவதும் அவர்கள் பேசுவது எனக்குப் புரியவில்லை. ஆனாலும் தலையாட்டினேன். நன்றாகவே ஆட்டினேன். ஸ்டெல்லாதான் கண்டுபிடித்தாள். ஒரு தடித்த புத்தகத்தை என் மடியில் போட்டு, "புரியலன்னா புரியலன்னு வந்து சொல்லு. நடிக்காத" என்றாள். எறும்புகள் ஆளும் ஒரு கிரகத்தைப் பற்றிய கதை. ஊருக்குப் போகும் பேருந்தில் படித்துக்கொண்டே போய், தங்காக்கைத் தாண்டி மலாக்கா எல்லையில் இறங்கினேன். அப்பா லாரியில் வந்து அழைத்துப் போனார். எறும்புகளால் வந்த தாமதம் என்று அவரிடம் சொல்ல முடியவில்லை.

அதன்பிறகு என்னை நிறுத்த முடியவில்லை. ஒரே வருடத்தில் எங்கள் மாடியில் பாதிப் பேர் என்னிடம்தான் கேட்டு வந்தார்கள். "என்ன பார்க்கலாம்?" என்பார்கள். "யாருக்கு?" என்பேன். அது யாருடைய கேள்வி என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. எல்லாம் என் சொந்த மேதைமை என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தத் தபால் தொடரை உள்ளே போட்டவளும் நான்தான். பூமியிலிருந்து வெகுதூரத்தில் ஒரு தபால் நிலையம். கடிதங்கள் அங்கே வந்து சேரப் பல வருடங்கள் ஆகும். அவற்றைப் பிரித்து அனுப்பும் ஒரு பெண். நான்காவது பாகத்தின் முடிவில், மூட்டைக்குள் அவள் பெயருக்கே ஒரு கடிதம் கிடைக்கிறது. எழுதியவர் அவளுடைய அப்பா. அவர் இறந்து நாளாகிவிட்டது. ஆறாவது தொடங்கும்போது அவள் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு பேசாமல் வேலை செய்கிறாள். நடுவில் நடந்தது எல்லாம் ஐந்தாவதில்.

அந்த ஐந்தாவதைத்தான் அழித்தேன். செமஸ்டர் திட்டப்பணியைச் சேமிக்க டிஸ்க்கில் இடம் தேவைப்பட்டது. ஏதோ ஒரு கோப்பு என்று நினைத்து, பெயரைக்கூடப் படிக்காமல் நீக்கிவிட்டேன். நானே அதை அப்போது பார்த்திருக்கவில்லை. நான் படித்தது கணினித் துறை. ஊரில் எங்கள் வரிசை வீடுகளில் யார் கைப்பேசி கெட்டாலும் "கம்ப்யூட்டர் புள்ள வரட்டும்" என்று காத்திருப்பார்கள். அப்படிப்பட்டவள் ஒரு கோப்பைத் தெரியாமல் அழித்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? "ஃபைல் கெட்டுப்போச்சு" என்றேன். வெய் லிங் இரண்டு முறை உச்சுக்கொட்டினாள், அவ்வளவுதான்.

அதற்கு முந்திய விடுமுறையில்தான் ஸ்டெல்லாவின் அப்பா இறந்திருந்தார். வேலைக்குக் கிளம்பும்போது வாசலிலேயே மாரடைப்பு. திரும்பி வந்த ஸ்டெல்லா அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. டிஸ்க்கை வாங்கிக்கொண்டு போனாள். இப்போது யாருக்கு எதைக் கொடுக்கிறோம் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

நான்காம் நாள் சாயங்காலம், வழக்கமான மழை. துணி காயப் போடும் கொட்டகையில் நின்று நனையாததை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா தன் ஈரத் துணிகளைக் கையில் சுருட்டியபடி வந்தாள்.

"அஞ்சாவது எங்கடி?"

"கெட்டுப்போச்சு."

"நீ பார்த்தியா?"

பார்க்கவில்லை என்று ஒரு சொல் போதும். "பார்த்தேன்" என்றேன்.

"அப்ப சொல்லு. அந்த லெட்டர்ல என்ன இருந்துச்சு?"

கதை சொல்லக்கூடாது என்று சட்டம் போட்டவளே கேட்கிறாள். நான் மிஞ்சியிருந்த மானத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு தொடங்கினேன். அந்த அப்பா பெரிதாக எதுவும் எழுதவில்லை என்றேன். அன்பு, ஆசீர்வாதம் ஒன்றும் இல்லை. பக்கத்து அறைக்காரரின் குடை நம்மிடம் இருக்கிறது, கொடுத்துவிடு. திருகாணிப் பெட்டியைக் கடன் வாங்கினேன், கொடுத்துவிடு. கேட்டால் அப்பா கொடுக்கச் சொன்னார் என்று சொல். இப்படியே ஒரு பக்கம். அவள் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு அந்த நிலையம் முழுக்க நடக்கிறாள், வாங்கிக்கொள்ளும் ஒவ்வொருவரும் அவரைப் பற்றி ஏதோ சொல்கிறார்கள், என்று நீட்டிக்கொண்டே போனேன். மழை நின்றும் நான் நிறுத்தவில்லை. இதெல்லாம் எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்றால், என் அப்பா வாரந்தோறும் கைப்பேசியில் பேசுவதே இவ்வளவுதான். "ராஜூ மாமா குடை இன்னும் நம்ம வீட்டுலதான் கிடக்கு" என்பார். பிறகு வைத்துவிடுவார்.

ஸ்டெல்லா ஈரத் துணிகளைக் காயப் போடாமல் அப்படியே திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

இரண்டு வாரம் கழித்து ஊருக்குப் போய் வந்தவள் என் கட்டிலில் உட்கார்ந்து சொன்னாள். வீட்டு முகப்புக்குச் சாயம் அடிப்பதற்காக அவள் அப்பா தேவாலயத்திலிருந்து ஓர் ஏணியை இரவல் வாங்கி வந்திருந்தாராம். அவர் போன பிறகு அது பின்வாசலிலேயே சாய்ந்து கிடந்தது. அவள் அம்மா யாரையும் அதைத் தொட விடவில்லை. ஸ்டெல்லா அம்மாவிடம் அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். அவர் கேட்டுவிட்டு எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாராம். மறுநாள் காலையில், "ஏணியத் தூக்கு" என்றாராம். முன்னால் அம்மா, பின்னால் மகள், தோளில் ஏணியோடு சாலையோரமாகவே நடந்து போய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். வழியில் கார்கள் வேகத்தைக் குறைத்துப் போயினவாம். அதற்குப் பிறகுதான் அம்மா ஒழுங்காகச் சாப்பிடுகிறார் என்றாள்.

இதைக் கேட்ட பிறகு உண்மையை எப்படிச் சொல்வது, நீங்களே சொல்லுங்கள். எட்டு வருடம் சொல்லவில்லை. அந்தத் தொடர் மறுபடி எங்கேயும் தலைகாட்டவில்லை என்பது எனக்கு வசதியாக இருந்தது. சனிக்கிழமை வரை.

ஸ்டெல்லா இப்போது சிங்கப்பூரில் ஒரு மருந்து ஆலையில் வேலை செய்கிறாள். அவள் பார்ப்பதற்கு முன் நான் சொல்லியாக வேண்டும். அழைத்தேன்.

"அந்தத் தபால் தொடர் வந்துருச்சு" என்றேன்.

"எனக்கும் காட்டுச்சு. தொண்ணூத்தோரு பர்சண்டாம்."

"பார்த்துட்டியா?"

"இல்ல லா. துணி மடிக்கிறேன்."

சொன்னேன். அழித்ததை, பார்க்காததை, குடையை, எல்லாவற்றையும்.

"கம்ப்யூட்டர் படிச்சவ ஒரு ஃபைல அழிச்சிட்டேன்னு சொல்ல எட்டு வருஷமா?"

"ஆமா."

"நடிக்காதன்னு அப்பவே சொன்னேன்."

"ஆமா."

"அப்ப அது உங்கப்பா பேச்சு."

"ஆமா."

வைத்துவிட்டாளோ என்று திரையைப் பார்த்தேன். பிறகு சொன்னாள். "ஏணியக் கொடுத்தாச்சு. இப்பப் போயி திரும்ப வாங்கிட்டா வர முடியும்?" அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. "அம்மாகிட்ட இதச் சொல்லாத" என்றாள். "சரி, போடு. ஒன்னாப் பார்ப்போம்."

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி இருவரும் ஒரே நேரத்தில் அழுத்தினோம். உண்மையான ஐந்தாவது பாகத்தில் அந்தப் பெண் கடிதத்தைப் பிரிப்பதே இல்லை. கையில் வைத்துக்கொண்டு நிலையத்தைச் சுற்றி நடக்கிறாள். கடைசியில் சேர்க்க முடியாத கடிதங்களின் அலமாரியில் அதைச் செருகிவிட்டு, முடியை வெட்டிக்கொள்கிறாள். நன்றாகத்தான் எடுத்திருந்தார்கள். பொறாமையாகக்கூட இருந்தது.

"உன்னோடது நீளம் அதிகம்" என்றாள் ஸ்டெல்லா. சற்றுப் பொறுத்து, "குடை வந்ததும் நிறுத்தியிருக்கலாம். ராஜூ மாமாவுக்குக் கொடுத்தாச்சா?" என்றாள். தெரியவில்லை என்றேன். மாலையில் அப்பாவிடம் கேட்டேன். "மழ முடியட்டும், குடுத்துருலாம்" என்றார். ஜொகூரில் மழை எப்போது முடிந்திருக்கிறது?

வெய் லிங்கின் டிஸ்க் ஒருநாள் கடகடவென்று சத்தம் போட்டுச் செத்துப்போனது. பயிற்சிப் புத்தகம் யார் அறையில் தங்கியதோ தெரியாது. விடுமுறைகூட சனி ஞாயிறுக்கு மாறிவிட்டது. என் தொலைக்காட்சி என்னைத் தொண்ணூற்றேழு விழுக்காடு தெரிந்து வைத்திருக்கிறது. யாருக்கு என்று அது ஒருமுறையும் கேட்டதில்லை. எல்லாப் பாகங்களும் வரிசையாக, குறையில்லாமல் இருக்கின்றன. எதுவும் காணாமல் போவதில்லை. அதனால், ஈரத் துணியோடு மழையில் வந்து நின்று, அதில் என்ன இருந்தது, சொல்லு என்று கேட்கவும் யாரும் வருவதில்லை.