கோர்வைப் பக்கத்து இடம்

பைக்கிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டதில் இடுப்புக்குக் கீழே எனக்கு உணர்வு போய்விட்டது. அதைக்கூட ஒருவழியாகப் பொறுத்துக்கொண்டேன். என் மச்சினனைத்தான் பொறுக்க முடியவில்லை.

தறி மிதிக்கக் கால் வேண்டும். நான் உட்கார்ந்த தறிக்குழியில் இப்போது என் மனைவி உட்கார்ந்து நெய்கிறாள். கரையைத் தனி நூலில் நெய்து உடலோடு கோக்கும் கோர்வைச் சேலைக்கு இன்னொரு ஆளும் தேவை, ஓரத்தில் உட்கார்ந்து கரை நூல் கட்டையான நாடாவை இழைகளுக்கு ஊடே போட. முன்பு அது அவள் இடம். கல்யாணமானதிலிருந்து அப்படித் தோள் உரச உட்கார்ந்துதான் பேசினோம், சண்டை போட்டோம், சமாதானமானோம். இப்போது அங்கே அவள் தம்பி. அக்காவும் தம்பியும் எதற்கோ சிரிப்பார்கள். நான் வீல்சேரில் உயரமாக உட்கார்ந்து அவர்கள் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். 

சிறுநீர்க் குழாயை நானே போட்டுக்கொள்ள, புண் வராமல் அடிக்கடி இடுப்பைத் தூக்க, எல்லாம் பழகியிருந்தேன். ‘நல்லா தேறிட்டாரு’ என்று தெருவே மெச்சியது. தேறி என்ன செய்ய?

ஒருநாள் கேட்டேவிட்டேன். “அவன எழுந்துக்கச் சொல்லு. நான் போடுறேன்.”

“சேல நடுவுல கை மாறினா கரை இழுத்துக்கும். உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். ஆளுக்கு ஆள் கை இழுப்பு வேறு. நானே ஊருக்கெல்லாம் சொன்ன பாடம்தான். ஆனாலும் சாக்குச் சொல்கிறாள் என்றே கறுவிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சேலையை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்த மறுநாள் காலை, தம்பி வருவதற்குள், புண் வராமலிருக்க நான் உட்காரும் மெத்தையை எடுத்து ஓரத்து இடத்தில் போட்டாள்.

“வாங்க, புதுசு ஆரம்பிக்கிறேன். இடுப்பத் தூக்கணும்னா சொல்லுங்க, நிறுத்திக்கிறேன்.”

அணைத்து இறக்கினாள். சாயாமல் இருக்க மார்பைத் துண்டால் தூணோடு கட்டினாள். முதலில் தடுமாறினேன். அவள் மிதிப்பதை என் கைக்கு ஏற்ப நிதானமாக்கினாள். கொஞ்ச நேரம் கழித்து, “தலைக்கு எண்ண வெச்சிக்கினீங்களா? வாசன வருது,” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மச்சினன் வந்தான். “மாமா! என் எடத்தப் புடிச்சிக்கினீங்களா?” என்று சிரித்தான். வேறு இடமில்லாமல் என் வீல்சேரில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றினான். ஜெயித்துவிட்டதாகத்தான் எனக்கு இருந்தது.

“டீ வாங்கிக்கினு வரேன்கா,” என்று அதிலிருந்து எழுந்து, வாசற்படி இறங்கிப் போனான். எழுந்து நின்றோம் என்பதே அவனுக்குத் தெரிந்திருக்காது.

நாடாவைக் கையில் பிடித்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“போடுங்க,” என்றாள் மனைவி.